மழை விட்டதும் மாற்றலாம்

காருக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை என்ஜின் ஒயில் மாற்ற வேண்டும் என்று நாலு ஆண்கள் கூடிய இடத்தில் கேட்டுப் பாருங்கள். தேர்தல் பேச்சுகூட அவ்வளவு சூடாக இருக்காது. ஒருவர் ஐயாயிரம் கிலோமீற்றர் என்பார். இன்னொருவர், இப்போதைய ஒயில் பத்தாயிரம் தாங்கும், ஐயாயிரத்தில் மாற்றுகிறவன் பயந்தாங்கொள்ளி என்பார். மூன்றாமவர், தன் மாமனார் பல வருடம் மாற்றாமலே ஓட்டினார் என்று சொல்லி மாமனாரையும் காரையும் சேர்த்துப் புகழ்வார். நான் வாய் திறப்பதில்லை. வற்புறுத்தினால் ஆயிரத்து ஐந்நூறு என்பேன். உடனே எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள், கழுவிய கையை மறுபடியும் கழுவுகிறவனைப் பார்ப்பதுபோல.

நோய்தான். எப்படிப் பிடித்தது என்பதை எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், தெஹியோவிட்ட பஸாரிலிருந்து உள்ளே போகிற ஒரு றப்பர் தோட்டத்தில் பாடசாலை ஆசிரியனாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. பாடசாலையை ஒட்டி இரண்டு அறைக் குவாட்டஸ். ஒன்றில் நான், மற்றதில் புத்தகங்கள், இரண்டிலும் ஒழுக்கு. இது போதாதென்று ஒரு கார் வாங்கினேன். ஆமை முதுகும் அசட்டு முகமும் கொண்ட பழைய இங்கிலீஸ் கார். நம்பர் தட்டின் நடுவில் ஸ்ரீ எழுத்து. என்னைவிட ஏழு வயது மூத்தது. எந்நேரமும் வாசித்துக்கொண்டிருக்கிறவனுக்குக் கார் எதற்கு என்று அதிபர் கேட்டார். மழையில் நனையாமல் வாசிக்கலாம் என்றேன். பொய்யில்லை. குவாட்டஸ் கூரையைவிடக் காரின் கூரை நன்றாக இருந்தது.

இரண்டாயிரம் மைலுக்கு ஒருக்கா ஒயில் மாற்று என்று பஸாரில் கராஜ் வைத்திருந்த சிங்கள மெக்கானிக், எல்லோருக்கும் பாஸ், சொல்லித் தந்தார். ஆனால் என் காரின் மைல் மீற்றர் முந்திய சொந்தக்காரர் காலத்திலேயே நின்றுபோயிருந்தது. நின்ற மீற்றரில் இரண்டாயிரம் மைல் ஒருபோதும் வராது என்பதால், ஆசிரியனுக்குத் தெரிந்த ஒரே காலக் கணக்கைப் பிடித்துக்கொண்டேன். தவணைப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் ஒயில். வருடத்துக்கு மூன்று தடவை. பாடசாலைக்குக் கீழே பாதையோரத்துப் பள்ளத்துக்கு மேலே காரை நிறுத்தி, நானே கீழே படுத்து வடிப்பேன்.

அந்தத் தோட்டத்தில் காரிலிருந்து இறங்கும் கறுப்பு ஒயிலுக்கு இருந்த மரியாதை காருக்கு இருந்ததில்லை. தொழிலாளர்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளின் நிலைக்கால்களைக் கறையான் தின்றுகொண்டிருந்தது. பழைய ஒயிலைத் தேங்காய் மட்டையால் பூசினால் ஒரு வருடத்துக்குக் கறையான் எட்டிப் பார்க்காது. ஆனால் சூட்டோடு பூச வேண்டும். சூடாக இருந்தால்தான் மரம் குடிக்கும், ஆறிய ஒயில் மேலே வழிந்து போகும் என்பது லயத்தின் தீர்மானமான கருத்து. எடுத்து வைத்த ஒயிலைக் கொடுத்தால் பழஞ்சோற்றைக் கொடுத்ததுபோல் பார்ப்பார்கள். தோட்டத்து லொறியின் ஒயில் டிரைவரின் சொந்தக்காரர்களுக்கே போய்விடும். மிச்சம் என் கார். ஒரு தடவை வடிப்பது ஒரு வீட்டு நிலைக்கே போதும் என்பதால், குழாயடியில் கூடி அவர்களே வீட்டு வரிசைப்படி முறை வைத்தார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு ஒருநாளும் வராதவர்கள்கூடப் பாடசாலை வாசலில் நின்று விசாரித்தார்கள்.

"மாஸ்டர், பரீட்ச எப்ப முடியுதுங்க?"

"ஏன், புள்ள நல்லா படிக்குதா?"

"அது எங்க படிக்குது. எங்க வீட்டு மொறைங்க."

அந்த வருடம் முதலாம் தவணை முடிந்தபோது முறை, கீழ் லயத்தின் கடைசி வீட்டுக்கு வந்தது. அந்த வீட்டுக்காரர் றப்பர் பால் வெட்டுகிறவர், ஐம்பதை நெருங்கியவர், மெலிந்த ஆள். சிரித்தால் மட்டும் இரண்டு ஆள் சத்தம். வீட்டில் அவரும் மனைவியும்தான். மகள்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். லீவு விட்ட அன்றே ஒரு றப்பர் சீட்டைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"மாஸ்டர், ஒயில் மாத்தப் போறீங்களோ?"

"சனிக்கிழம மாத்துவோம்ணே. தகரத்தக் கொண்டாங்க."

"அதத்தாங்க சொல்ல வந்தேன். நெலக்காலு மழையில ஊறிக் கெடக்கு. இப்ப பூசினா எல்லாம் வழிஞ்சிரும். கறையானுக்குத் தல முழுக வச்ச மாதிரி ஆயிரும். மழ விடட்டுமேங்க?"

"அப்ப இந்தத் தடவ அடுத்த வீட்டுக்குக் குடுத்துரவா?"

"ஐயையோ, மொற போயிருமே! அப்புறம் எம் பேரப்புள்ள காலத்துலதான் சுத்தி வரும். ஒரு வாரம் பொறுங்க மாஸ்டர். காரு ஒண்ணும் கோவிச்சுக்காது."

எனக்கும் சேற்றில் மல்லாந்து படுக்க ஆசையில்லை. "சரி, மழை விட்டதும் மாத்தலாம்" என்றேன்.

அந்தப் பக்கத்து மழையைத் தெரிந்தவர்கள் இந்த வாக்கியத்துக்குச் சிரிப்பார்கள். ஒரு வாரம் மூன்று வாரமானது. இரண்டாம் தவணை தொடங்கியது. வெயில் ஒருநாள் தலைகாட்டும், மரம் காயுமுன் மறுநாள் கொட்டும். அவரை வழியில் காணும்போதெல்லாம் வானத்தைக் காட்டிக் கையை விரிப்பார். நானும் விரிப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

இடையில் ஒருநாள் காரின் முன்மூடியைத் திறந்து, ஒயில் பார்க்கும் கம்பியை உருவினேன். கம்பியில் இரண்டு கோடு உண்டு. ஒயில் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் கீழே, நுனியில் மட்டும் தார்போல் ஏதோ ஒட்டியிருந்தது. பழைய என்ஜின்கள் ஒயிலைக் குடித்துக்கொண்டே ஓடும். மாற்றாவிட்டாலும் அவ்வப்போது மேலே ஊற்ற வேண்டும். புது ஒயில் தகரம் என் கட்டிலுக்கடியில் இருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ வடிக்கப்போகிற கறுப்பில் புதியதை எதற்கு வீணாக்குவது என்று தோன்றியது. கம்பியைத் துடைத்துச் செருகிவிட்டு உள்ளே போய் வாசித்தேன். என்ன வாசித்தேன் என்பது நினைவில்லை. மனித குலத்தைப் பற்றிய ஏதோ பெரிய விஷயம்.

ஆனி மாதத்தில் ஒரு காலை. மழையால் பால் வெட்டு இல்லை. வேறு வேலை தருவார்களா என்று பார்க்க ஆட்கள், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக் கொட்டகையில் காத்து நின்றார்கள். நான் இரண்டாவது பாடத்தில் இருந்தேன். இரண்டு பேர் ஓடி வந்தார்கள். "மாஸ்டர், காரு! நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்துட்டாருங்க." யார் என்று கேட்டேன். கீழ் லயத்துக் கடைசி வீடு என்றார்கள். தோட்டத்து லொறி றப்பர் சீட் ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

பின் சீற்றில் மனைவியின் மடியில் தலைவைத்துப் படுக்க வைத்தார்கள். நினைவு இருந்தது. முகம் முழுக்க வியர்வை. லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறவேண்டிய தூரம் இரண்டு மைல், பெரும்பகுதி முதலாம் கியரில். பாதி ஏற்றத்தில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சிவப்பு பல்ப் எரிந்தது. ஒயில் இல்லை என்று சொல்ல வைத்த பல்ப் அது. ஈரத்தில் வயர் கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அடியில் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் ஒரு சத்தம் தொடங்கியது. நான் இன்னும் அழுத்தினேன். ஒரு வளைவில், இரும்பை இரும்பு கடித்த சத்தத்தோடு கார் நின்றது.

அதற்குப் பிறகு கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் இருந்தது. சாவியைத் திருகினேன், திருகினேன். ஒன்றும் அசையவில்லை.

"மாஸ்டருக்குக் கரச்சல் குடுத்துட்டேன்" என்றார் பின்னாலிருந்து.

"பேசாம இருங்க" என்றார் மனைவி.

"இல்ல, பாவம் காரு."

நான் இறங்கி மழையில் பெரிய ரோட்டுக்கு ஓடினேன். கையைக் காட்டியதற்கு முதல் இரண்டு வாகனம் நிற்கவில்லை. மூன்றாவது, பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் போகிற ஒரு பாண் வேன். அந்தச் சிங்கள டிரைவர் ஒரு கேள்வியும் கேட்காமல் தோட்டப் பாதையில் வேனை இறக்கி, பாண் தட்டுகளை நனைய நனைய வெளியே வைத்துவிட்டு அவரையும் மனைவியையும் ஏற்றினார். எல்லாமாக முக்கால் மணி நேரம் போயிருக்கும். ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. இளம் டொக்டர் ஒருவர் வெளியே வந்து, இன்னும் கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று சிங்களத்தில் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியும் உறுதியாகச் சொல்ல முடியாது" என்று சேர்த்துக்கொண்டார்.

கராஜ் பாஸ் என்ஜினைக் கழற்றிய அன்று நான் பக்கத்தில் நின்றேன். அடியில் கைவிட்டு, விரலைத் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "மாஸ்டர் மஹத்தயா, மேக்கே ஒயில் நே" என்றார். இதில் ஒயிலே இல்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் தலையாட்டினார்.

சாவு வீட்டில் எனக்கு நாற்காலி போட்டார்கள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றப் போய்க் காரையே பறிகொடுத்த மனிதன் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். "எந்த மாஸ்டர் இப்பிடி மழையில ஓடுவாரு?" என்று ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் வாசித்த தடித்த நாவல்களில் குற்றம் செய்தவனுக்குக் காய்ச்சல் வரும், பிதற்றுவான். எனக்கு நல்ல பசி எடுத்தது. சாவு வீட்டுத் தேத்தண்ணியை இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

காய்ச்சல் வரவில்லை, வேறு சில வந்தன. கொப்பி திருத்தும்போது சிவப்பு மை ஒரு பொட்டாய்ச் சொட்டினால் கை நின்றுவிடும். பாடம் நடக்கையில் யாராவது மேசையில் விரலால் தட்டினால், நான் ஒரு மலை ஏறிக்கொண்டிருப்பேன். ஒழுக்குக்கு வைத்த சட்டியில் தண்ணீர் விழும் சத்தம் நின்றால்தான் மோசம். அந்த அமைதிக்குள் பின்னாலிருந்து ஒரு குரல் மன்னிப்புக் கேட்கும். சபித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மன்னிப்புக் கேட்கிறவரிடம் என்ன சொல்வது? என்ஜினைத் திருத்தி எடுத்த பிறகு அந்த வளைவில் கார் வேகம் குறைந்துவிடும். என் கால்தான் தூக்கிக்கொள்கிறது என்று கண்டுபிடிக்கவே பல நாள் ஆனது.

அடுத்த தவணை லீவில் வெயில் அடித்தது. முறை இன்னும் கீழ் லயத்துக் கடைசி வீட்டுக்குத்தான். யாரும் அதைப் பறிக்கவில்லை. அந்த அம்மா வரவில்லை. ஆள் சொல்லி அனுப்பினேன். வேண்டாமாம், அடுத்த வீட்டுக்குக் கொடுக்கச் சொன்னாராம். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு கீழ் லயத்துப் பக்கம் போக வேண்டியிருந்தால் றப்பர் ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு போனேன். குழாயடியில் அவரைக் கண்டால் குனிந்து செருப்பைப் பார்ப்பேன். அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்படி ஏழெட்டு மாதம்.

பிறகு ஒருநாள் பாடசாலை விட்ட பிறகு, அவரே குவாட்டஸ் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. படியிலேயே உட்கார்ந்தார்.

"மாஸ்டர், ஒண்ணு சொல்லணும். நீங்க ஏசினாலும் கேட்டுக்கிறேன்."

"சொல்லுங்கக்கா."

"உங்க காரு ஒடஞ்சது பழைய ஒயிலாலதானாமே. கராஜ் பாஸ் சொன்னாருன்னு பஸாருல பேசிக்கிட்டாங்க."

பாஸ் பாதி வாக்கைக் காப்பாற்றியிருந்தார். ஒயில் பழையது என்று சொன்னவர், ஒயிலே இல்லை என்பதைச் சொல்லவில்லை.

"மழ விடட்டும்னு உங்ககிட்ட வந்து சொன்னாருல்ல? அது அவரு யோசன இல்லைங்க. அவரு, கெடைக்கிறப்ப வாங்கிப் பூசிருவோம்னுதான் சொன்னாரு. நாந்தான் வேணாம்னேன். போய்ச் சொல்லிட்டு வாங்கன்னு நாந்தான் வெரட்டுனேன். நெலக்காலப் பாத்தேன் மாஸ்டர். ஆளத் தொலைச்சிட்டேன்."

அழவில்லை. பல மாதம் தனியாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியங்களை ஒப்புவிப்பதுபோல் சொன்னார். "உங்க மொகத்துல எப்பிடி முழிப்பேன். என்னாலதான் உங்க காரும் போச்சு."

என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு அவர் ஒதுங்கியிருந்தார். நான் அவருக்குப் பயந்து ஸ்டோரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அவரை விடுவிக்கிற உண்மை என்னிடம் இருந்தது. ஆனால் அதற்கு முன் என் வாயிலிருந்து வந்தது வேறு. "அப்பிடி நெனைக்காதீங்கக்கா. நேரத்துக்குப் போயிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னுதான் டொக்டர் சொன்னாரு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பக்கத்துல நானுந்தானே நின்னேன் மாஸ்டர். எனக்குச் சிங்களம் தெரியாதா?"

எழுந்து காரடிக்குப் போனேன். அவரும் வந்தார். முன்மூடியைத் தூக்கி, கம்பியை உருவி, அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். இது மேல்கோடு, இது கீழ்க்கோடு என்று வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன். அன்றைக்கு ஒயில் இந்தக் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. கார் நின்றது மாற்றாமல் தள்ளிப்போட்டதால் அல்ல. மேலே ஒரு போத்தல் ஊற்றியிருந்தால் பழைய ஒயிலோடும் ஓடியிருக்கும். அது எனக்குத் தெரியும், கம்பியைப் பார்த்தும் இருந்தேன். புது ஒயில் கட்டிலுக்கடியில் இருந்தது. ஊற்றவில்லை.

"ஏன்?"

"மாத்தத்தானே போறோம், வீணாப் போகும்னு."

அவர் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதையெல்லாம் உள்ளே ஒவ்வொன்றாக இடம் மாற்றி வைக்கிறார் என்று தெரிந்தது. அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஊத்துறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும் மாஸ்டர்?"

"ரெண்டு நிமிசம்."

"ரெண்டு நிமிசம்" என்றார். சேலைத் தலைப்பால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டு லயத்துப் பக்கம் இறங்கிப் போனார்.

அன்று முதல் லயம் முழுக்க என் முகத்தில் காறித் துப்பப்போகும் நாளுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னோடும் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, அந்த அம்மா இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று ஒருமுறை சொன்னாள். அந்தச் செய்தியை மருந்துபோல் வைத்துக்கொண்டேன். ஆனால் கோயில் திருவிழாவில் யாராவது, "மாஸ்டர் மாதிரி ஒரு மனுசன் உண்டா?" என்று பழைய கதையைத் தொடங்கும்போது, கூட்டத்தில் அவரும் நிற்பார். நான் அவரைப் பார்ப்பேன். அவரும் என்னைப் பார்ப்பார். கதை முடியும்வரை இரண்டு பேரும் அப்படியே நிற்போம். திருத்திச் சொல்ல எனக்கும் வாய் வந்ததில்லை.

சில வருடம் கழித்து நிவித்திகலப் பக்கத்துக்கு எனக்கு மாற்றம் வந்தது. புறப்படும் நாளில் இரண்டு லயத்து ஆட்களும் வந்துவிட்டார்கள். மாலை போட்டார்கள், அன்னாசி தந்தார்கள், ஒருவர் கோழியே தந்தார். பின் சீற்றில் புத்தகங்களும் கோழியும். நான் சாவியைத் திருகப்போன நேரத்தில் கூட்டத்தின் பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"மாஸ்டர், ஒயில் பாத்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். "பாருடி, மாஸ்டருக்கே பரீட்ச வக்கிறா!" என்று ஒருத்தி கத்தினாள். முறைக்காக என்னை நச்சரித்தவர்கள் அத்தனை பேருக்கும் அது பழைய பகிடி.

நான் இறங்கினேன். கழுத்து மாலை தடுக்கிக்கொண்டிருந்ததால் அதைக் கழற்றிச் சீற்றில் போட்டேன். முன்மூடியைத் தூக்கினேன். காலையிலேயே பார்த்திருந்தேன். உருவி, துடைத்து, மறுபடி செருகி, உருவினேன். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குனிந்து, கண்ணைச் சுருக்கிக் கம்பியைப் பார்த்தார். அவசரப்படவில்லை. ஒயில் நின்ற இடத்துக்கு நேரே நகத்தை வைத்து, மேல்கோட்டுக்கு எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்.

"சரி" என்றார். "போங்க."

அந்த வளைவில் காரை நிறுத்தினேன். வெயில் நன்றாகத்தான் அடித்தது. கம்பியைச் சரியாகச் செருகினேனா என்று ஒரு சந்தேகம். இறங்கித் திறந்து பார்த்தேன். செருகித்தான் இருந்தது.